போருக்கு ஒரு காண்ட்ராக்டர்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி சின்னதுதான், பதில்தான் கொஞ்சம் சுற்றி வரும். ஒரு நாட்டுக்கென்று ராணுவம் இருக்கும்போது, போர் வேலைக்குத் தனியார் கம்பெனியை ஏன் கூப்பிடுகிறார்கள்?

முதலில் ஒரு பிரமையை விலக்கிவிடுவோம். தனியார் ராணுவ நிறுவனம் என்றதும் கறுப்புக் கண்ணாடியும் இயந்திரத் துப்பாக்கியுமாக ஓர் ஆள் கண்முன் வந்து நிற்பார். அப்படிப்பட்டவர்கள் உண்டு, ஆனால் கொஞ்சம் பேர்தான். அமெரிக்கா அமர்த்தியவர்களில் பெரும்பாலோர் முகாமில் சோறாக்குபவர்கள், துணி வெளுப்பவர்கள், டேங்கர் லாரி ஓட்டுபவர்கள், ஜெனரேட்டர் பார்த்துக்கொள்பவர்கள். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கா ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இறக்கியது. கூடப்போன ஒப்பந்த ஆட்கள் ஒன்பதாயிரம் சொச்சம். 2008-ல் ஈராக்கில் படையினர் சுமார் ஒன்றரை லட்சம், ஒப்பந்த ஆட்களும் கிட்டத்தட்ட அதே அளவு. பதினேழு வருடத்தில் சிப்பாய்க்கு ஒருவர் என்றாகிவிட்டது.

இடையில் பனிப்போர் முடிந்தது. பல நாடுகள் ராணுவத்தைச் சுருக்கின. துப்பாக்கியைத் தவிர வேறு தொழில் தெரியாத அனுபவசாலிகள் வேலை தேடி வெளியே வந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு வைத்திருந்த சிறப்புப் படைக்காரர்களைக் கொண்டு நடந்த கம்பெனி எக்சிக்யூட்டிவ் அவுட்கம்ஸ். 1995-ல் சியரா லியோன் தலைநகரை நெருங்கிய கிளர்ச்சியாளர்களை அது விரட்டியது, வைரம் விளையும் பகுதியையும் மீட்டது. வேலை தெரிந்தவர்கள் என்று பெயரெடுத்தார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் ஒப்பந்தம் முடிந்து 1997 தொடக்கத்தில் மூட்டை கட்டினார்கள். அந்த மே மாதமே அங்கே ஆட்சி கவிழ்ந்தது.

செலவு மிச்சம், ஆள் தட்டுப்பாடு என்று அரசுகள் காரணம் சொல்லும். அதில் பாதி உண்மை இருக்கலாம். ஆனால் அவை காசு கொடுத்து முக்கியமாக வாங்குவது கைகழுவும் வசதியை. நம் ஊர்த் தொழிற்சாலைகளில் பார்த்திருப்பீர்கள். மெஷினில் விரல் போனவர் காண்ட்ராக்ட் ஆள் என்றால், “அவர் எங்கள் ரோலில் இல்லை, காண்ட்ராக்டரிடம் கேளுங்கள்” என்று நிர்வாகம் சொல்லிவிடும். சிப்பாய் செத்தால் கொடி போர்த்திக் கொண்டுவருவார்கள், பட்டியலில் பெயர் ஏறும், நாடாளுமன்றத்தில் கேள்வி எழும். 2004 ஆகஸ்டில் ஈராக்கில் 12 நேபாளிகளைத் தீவிரவாதிகள் கடத்திக் கொன்றார்கள். ஜோர்டானில் வேலை என்று நம்பிப் போய், அமெரிக்கப் படைத்தளத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். காத்மாண்டுவில் கலவரமே வெடித்தது. அமெரிக்காவின் போர்ச்சாவுக் கணக்கில் மட்டும் அந்தப் பன்னிரண்டு பேர் இல்லை.

சாவுக்கே கணக்கில்லை என்றால் கொலைக்கு?

பாக்தாதின் நிசூர் சதுக்கம், 2007 செப்டம்பர் 16, நண்பகல். அமெரிக்க வெளியுறவுத் துறை பாதுகாப்புக்கு அமர்த்திய பிளாக்வாட்டர் கம்பெனி ஆட்கள் நான்கு கவச வண்டிகளில் வந்து போக்குவரத்தை மறித்து நிற்கிறார்கள். ஒரு வெள்ளை நிறக் கியா கார் நின்ற வரிசையிலிருந்து மெல்ல முன்னால் வருகிறது. ஓட்டியவர் மருத்துவ மாணவர், பக்கத்தில் டாக்டரான அவருடைய அம்மா. இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதோடு நிற்கவில்லை. சில நிமிடங்களில் 9 வயதுப் பையன் உட்பட 17 பொதுமக்கள் பிணமானார்கள்.

ஈராக் போலீஸ் அந்தக் காவலர்களைத் தொட முடியவில்லை. ஆட்சியை ஈராக்கியரிடம் ஒப்படைப்பதற்கு முதல் நாள், 2004 ஜூன் 27 அன்று, அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் 17-ஆம் ஆணையைப் புதுப்பித்துக் கையெழுத்திட்டிருந்தார். ஒப்பந்த வேலையில் செய்த காரியத்துக்காக வெளிநாட்டு நிறுவன ஆட்களை ஈராக் நீதிமன்றம் விசாரிக்கக்கூடாது என்பது அதன் சாரம். அமெரிக்காவில் வழக்கு இழுத்தடித்து, 2014-ல் நான்கு காவலர்கள் குற்றவாளிகள் என்று ஜூரி சொன்னது. 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் நால்வருக்கும் மன்னிப்பு வழங்கினார். கம்பெனி 2009-ல் ஒருமுறை, 2011-ல் மறுமுறை பெயரை மாற்றிக்கொண்டு தொழிலைத் தொடர்ந்தது.

ரஷ்யா செய்தது இதைவிட ஒரு படி மேல். அந்நாட்டுச் சட்டப்படி கூலிப்படை குற்றம். ஆனாலும் வாக்னர் குழு என்ற தனியார் படை சிரியாவில் இருந்தது, மாலியில் இருந்தது, உக்ரைனில் இருந்தது. கேட்டால் அரசுக்குச் சம்பந்தமில்லை என்பார்கள். சிறைக் கைதிகளிடம் ஆறு மாதம் சண்டை போட்டால் விடுதலை என்று சொல்லி ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். உக்ரைனின் பக்மூத் நகருக்காக மட்டும் தன் ஆட்கள் சுமார் 20,000 பேர் செத்தார்கள், அதில் பாதி கைதிகள் என்று வாக்னர் தலைவர் பிரிகோஷினே 2023 மே மாதம் சொன்னார். அடுத்த மாதம் அவர் மாஸ்கோவை நோக்கியே படையைத் திருப்பினார். அந்தக் கலகம் அடங்கிய பிறகுதான் புதினின் வாயிலிருந்து உண்மை வந்தது: வாக்னரின் மொத்தச் செலவும் அரசுடையது, ஒரே வருடத்தில் 8,600 கோடி ரூபிள். ஆகஸ்டில் பிரிகோஷின் விமான விபத்தில் இறந்தார்.

இதெல்லாம் யாருக்கோ நடந்தது என்று நாம் நினைக்க வேண்டாம். 1980-களில் இலங்கையின் ஜெயவர்த்தன அரசு பிரிட்டனிடம் ராணுவப் பயிற்சி கேட்டது. டெல்லியின் மனம் கோணுமே என்று லண்டன் நேரடியாக இறங்கத் தயங்கியது. 1984-ல் வந்து சேர்ந்தது கேஎம்எஸ், அதாவது ‘கீனி மீனி சர்வீசஸ்’ என்ற கம்பெனி. அதை நடத்தியவர்கள் பிரிட்டனின் எஸ்ஏஎஸ் சிறப்புப் படையில் இருந்தவர்கள். இலங்கையின் விசேட அதிரடிப்படைக்குப் பயிற்சி கொடுத்தது இவர்கள்தான். போர்ப்பகுதியில் ஹெலிகாப்டர் ஓட்டியவர்களும் இவர்களில் உண்டு. 1987 ஜனவரியில் தமிழர்கள் கொல்லப்பட்ட கொக்கட்டிச்சோலைப் படுகொலையில் குற்றம்சாட்டப்பட்டது அதே அதிரடிப்படை. கேஎம்எஸ் ஆட்களின் பங்கு பற்றி லண்டன் போலீஸ் போர்க்குற்ற விசாரணையைத் தொடங்கியது 2020-ல். முப்பது வருடத்துக்கும் மேலாகிவிட்டது.

சர்வதேசச் சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 1977-ன் ஜெனிவா கூடுதல் நெறிமுறை கூலிப்படையாளைத் தீர்மானிக்க ஆறு நிபந்தனைகள் வைக்கிறது. ஆறும் ஒருசேரப் பொருந்த வேண்டும். அதில் ஒன்று, அவர் போரிடும் நாட்டின் குடிமகனாக இருக்கக்கூடாது என்பது. ஈராக்கில் அமெரிக்கக் காவலர் அந்த ஒரு வரியிலேயே தப்பிவிடுவார். கூலிப்படைக்கு எதிராக 1989-ல் வந்த ஐநா ஒப்பந்தத்தில் அமெரிக்காவும் ரஷ்யாவும் பிரிட்டனும் சேரவில்லை. தனியார் ராணுவ நிறுவனங்கள் பற்றிய 2008-ன் மோந்த்ரோ ஆவணம் நல்ல வழிகாட்டிதான், ஆனால் யாரையும் கட்டுப்படுத்தாது.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. சம்பளம் தரும் அரசே குற்றத்துக்கும் சாவுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரே ஒரு விதி போதும். அந்த விதி வந்தால் இந்தத் தொழிலின் லாபம் பெருமளவு போய்விடும். அதனால்தான் அதை எழுத எந்த வல்லரசும் முன்வரவில்லை. அடுத்தமுறை போர்ச் செய்தியில் “தனியார் பாதுகாப்பு நிறுவனம்” என்று படித்தால், பில்லைக் கட்டுவது எந்த நாடு என்று தேடிப் பாருங்கள். குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏற வேண்டியது அந்த நாடுதான்.