முதற்படமும் வழிப்படமும்

ஒரு நூலைப் பின்பற்றி மற்றொரு நூல் எழும்போது, அவ்விரண்டிற்குமுள்ள உறவு எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதைத் தமிழ் இலக்கண நூலார் முன்னரே வரையறுத்துள்ளனர். வழிநூல் முதனூலோடு பெரும்பாலும் ஒத்துச் செல்லுதல் வேண்டும். ஆயினும் பின்னோன் தான் வேண்டிய வேறுபாட்டையும் அதிற் கூறுதல் வேண்டும் என்பது நன்னூலார் கருத்து. ஒப்புமை மட்டும் இருப்பின் அது வெறும் பிரதி. வேறுபாடு மட்டும் இருப்பின், அதற்கு முதனூலின் உறவு எதற்கு? இவ்வளவுகோல் ஏட்டுச்சுவடிகளுக்கு மாத்திரமன்றி, இக்காலத்துத் திரைப்படங்களுக்கும் பொருந்துவதே. புகழ்பெற்ற படமொன்றின் தொடர்ச்சியாக இரண்டாம் படம் வரும்போது, "முன்னையதுபோல் இருக்கிறதா?" என்றே மக்கள் முதலிற் கேட்கின்றனர். கேட்க வேண்டிய வினா அதுதானா என்பது ஆராய்தற்குரியது.

இவ்வாராய்ச்சிக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி இன்கிரெடிபிள்ஸ்' என்னும் சித்திரப் படமும், 14 ஆண்டுகள் கழித்து 2018இல் வெளிவந்த அதன் இரண்டாம் பாகமுமாகும். இரண்டையும் எழுதி இயக்கியவர் பிராட் பேர்ட். இரண்டிற்கும் இசையமைத்தவர் மைக்கேல் ஜியாக்கினோ. ஆதலின், இரண்டாவதன் நிறைக்கோ குறைக்கோ ஆள் மாறியதே காரணமென்று கூறுதற்கில்லை.

முதற்படத்தின் கதை நகைச்சுவையிலேயே வேரூன்றியது. மனித ஆற்றலை மிஞ்சிய வீரர்கள் நகரைக் காக்கின்றனர். உயிரை மாய்த்துக்கொள்ள முனைந்த ஒருவனை அவர்களுள் ஒருவர் காப்பாற்ற, "என்னை ஏன் காப்பாற்றினாய்?" என்று அவனே வழக்குத் தொடுக்கிறான். வழக்குகள் பெருகவே, அரசாங்கம் வீரர்களின் பணியைத் தடைசெய்து, அவர்களைச் சாதாரணக் குடிமக்களாக மறைந்து வாழச் செய்கிறது. மலையைப் பெயர்க்கும் தோள்களையுடைய பொப் என்பவர், காப்புறுதி நிறுவனமொன்றின் சிறு மேசைக்குப் பின்னால் உடலை ஒடுக்கி உட்கார்ந்திருக்கும் காட்சியிலே சிரிப்பும் இரக்கமும் ஒருங்கே பிறக்கின்றன.

அக்குடும்பத்தவரின் ஆற்றல்களும் காரணமின்றி அமைந்தவை அல்ல. குடும்பச் சுமையைத் தாங்கும் தந்தைக்கு வலிமை; நாற்புறமும் இழுபடும் தாய் ஹெலனுக்கு நீண்டு வளையும் உடல்; பிறர் பார்வைக்குக் கூசும் பருவப்பெண் வயலற்றுக்கு மறைந்துபோகும் திறன்; ஓரிடத்தில் நில்லாச் சிறுவன் டாஷுக்கு வேகம். எந்த வீட்டிலும் காணக்கூடிய இயல்புகளே இங்கு அற்புதங்களாக உருப்பெற்றுள்ளன. அதனாலேயே, இது வீரர் கதையாயினும் குடும்பக் கதையாக நெஞ்சிற் பதிந்தது.

அதன் கட்டுக்கோப்பும் பாராட்டற்குரியது. ஆடை வடிவமைக்கும் எட்னா, வீரர்கள் தோளில் மேலங்கி அணிதல் கூடாதென்று கண்டிப்புடன் கூறி, அதனால் மாண்டவர்களின் வரலாற்றை அடுக்குகிறாள். கேட்போர் சிரித்து மறந்துவிடுகின்றனர். முடிவில், பகைவன் சின்ட்ரோம் அத்தகைய மேலங்கியாலேயே விமான இயந்திரத்தில் இழுபட்டு அழிகிறான். வேடிக்கையாக விதைத்தது விதியாக விளைகிறது. அப்பகைவன் யார் என்பதும் நோக்கத்தக்கது. சிறுவயதிற் பொப்பைப் போற்றித் துணைவனாக வர விரும்பியவன் அவன்; பொப்பினாற் புறக்கணிக்கப்பட்ட மனப்புண்ணே அவனைப் பகைவனாக்கிற்று. தலைவனின் குறையிலிருந்தே அவனுடைய துன்பம் முளைப்பதால், கதையில் ஓர் இழையும் தொங்கி நிற்பதில்லை.

இனி இரண்டாம் படத்தை நோக்குவோம். முதற்படம் முடிந்த அதே இடத்திலிருந்து இது தொடங்குகின்றது. பார்த்தவர்கள் 14 ஆண்டு மூத்துவிட்டனர். படத்துக் குழந்தைகளோ ஒரு நாளும் வளரவில்லை. இம்முறை வீரர்களுக்கு நற்பெயர் தேடித்தரும் பணிக்கு ஹெலனே தெரிவு செய்யப்படுகிறாள். பொப் வீட்டில் நின்று பிள்ளைகளைப் பார்க்கிறார். மகனின் கணக்குப் பாடமும், மகளின் மனவருத்தமும், உறங்க மறுக்கும் கைக்குழந்தையும் அந்தப் பெருவீரரை வீழ்த்துகின்றன. இது வெறும் மாற்றமன்று. முதற்படத்தில் வீட்டுக்குள் அடங்கியிருந்த தாயின் திறமைக்கு உரிய களத்தைத் திறந்துவிடும் வளர்ச்சி.

கைக்குழந்தை ஜாக்-ஜாக்கின் ஆற்றல்களை முதற்படத்தின் இறுதியிற் பார்வையாளர் கண்டனர். பெற்றோர் அவற்றை முழுமையாக அறிந்திலர். அந்த இரகசியத்தை இரண்டாம் படம் நன்கு அறுவடை செய்கின்றது. வீட்டு முற்றத்தில் அக்குழந்தை ரக்கூன் என்னும் விலங்கோடு பொருதும் காட்சி, நகைச்சுவையில் முதற்படத்தின் எக்காட்சிக்கும் குறைந்ததன்று. பின்னர் அக்குழந்தையே மயக்குக் கண்ணாடியைக் கழற்றித் தாயை விடுவிக்கும்போது, சிரிப்பு இங்கும் கதைக்குப் பயன்படுகின்றது.

எனினும், குறையும் உண்டு. இப்படத்தின் பகைவி எவ்லின். கள்வர் புகுந்த வேளையில், பாதுகாப்பறைக்குட் செல்லாமல், வீரர்களை எதிர்பார்த்துத் தொலைபேசியருகே நின்ற தந்தை கொல்லப்பட்டதை அவள் மறக்கவில்லை. வீரர்களை நம்பி மக்கள் தம் சொந்த வலிமையை இழக்கின்றனர் என்பது அவள் வாதம். திரையின் முன் அமர்ந்து பிறர் வாழ்வதைப் பார்த்தே காலம் கழிக்கின்றனர் என்றும் அவள் சாடுகிறாள். இவ்வாதம் ஆழமானது. ஆனாற் படம் அதற்கு விடை கூறவில்லை. அவளைச் சிறைப்படுத்துவதோடு அமைகின்றது. மேலும், அவளுடைய துயரத்திற்கும் பொப் குடும்பத்தின் செயலுக்கும் நேர்த்தொடர்பு இல்லை. தாயின் வெளியுலகக் கதையும் தந்தையின் வீட்டுக் கதையும் இரு தண்டவாளங்கள்போல் நெடுந்தூரம் தனித்தனியே ஓடி, இறுதியிலேதான் இணைகின்றன.

காலத்தின் வேறுபாட்டையும் நடுநிலையோடு எண்ணல் வேண்டும். 2004இல் வீரர் படங்கள் சிலவே. அவற்றை எள்ளி நகையாடிய முதற்படம் புதுமையாகத் தோன்றிற்று. 2018இலோ ஆண்டுதோறும் அத்தகைய படங்கள் பல வந்துகொண்டிருந்தன. முதற்படம் உலகெங்கும் 63 கோடி டொலருக்கு மேல் ஈட்டி, சிறந்த சித்திரப் படத்துக்கான ஒஸ்கார் பரிசையும் பெற்றது. இரண்டாவது 120 கோடி டொலரைத் தாண்டியும், அப்பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டதோடு நின்றது. வருவாய் இருமடங்கு ஆனமையால் தரமும் இருமடங்கு ஆயிற்று என்பார் யார்? வருவாயின் பெரும்பகுதி, முதற்படம் 14 ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த அன்புக்குக் கிடைத்த வட்டியே.

ஆகவே, தீர்ப்பு யாது? சிரிப்பில் இரண்டாம் படம் முதற்படத்துக்கு நிகர். குடும்ப வாழ்வை விரித்துக் காட்டுவதில் ஒரு படி மேலும் செல்கின்றது. கட்டுக்கோப்பிலும் கருத்தை முடிவுவரை கொண்டுசெல்வதிலும் தாழ்ந்து நிற்கின்றது. பழைய இன்பத்தை அப்படியே மீண்டும் தருமாறு வழிப்படத்தைக் கேட்பது முறையன்று. முதல் முறை காணும்போது பிறந்த வியப்பை எந்தக் கலைஞனாலும் இருமுறை அளித்தல் இயலாது. முதற்படம் எழுப்பிய வினாவை மேற்கொண்டு நடத்திற்றா, அந்த மாந்தரைப் பற்றி நாம் அறியாத ஒன்றை அறிவித்ததா என்று கேட்பதே நேர்மையான மதிப்பீடு. அவ்வாறு கேட்பவர், இவ்விரண்டாம் படத்தின் குறையைக் கண்டும் அதனை விரும்புவர். விரும்பியும் அதன் குறையை மறைக்கமாட்டார்.