மூன்று மணி நேரம் போதும் என்றார்களே!

தோழா!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து, இரும்புத் தூள் படிந்த சட்டையோடு வெளியே வருகிறாய். விழுந்து தூங்கத்தான் உடல் கேட்கும். ஒரே ஒரு நாள் அந்தத் தூக்கத்தைத் தள்ளி வைத்துவிட்டு, உன் மகள் படிக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் வாசலில் போய் நில்!

காலையில் உப்புமாவோ, கிச்சடியோ, பொங்கலோ, சூடாகத் தட்டில் விழுகிறது. வயிறு நிறைந்த பிறகே வகுப்பு. முதலில் தமிழ். ஆசிரியை பாட, பிள்ளைகள் கைதட்டிப் பாடுகின்றனர். அட்டைக் குவியலில் எழுத்தைத் தேடி எடுக்கின்றனர். அடுத்து கணக்கு. பத்துக் குச்சி ஒரு கட்டு. பத்துக் கட்டு நூறு. ஆலையில் கம்பிகளைக் கட்டுக் கட்டாக எண்ணுகிறாயே, அதே கணக்கு! பகலுணவுக்குப் பின் ஆங்கிலம். பிறகு சூழ்நிலையியல்: ஆரணி ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது? பழவேற்காட்டு ஏரிக்குப் பூநாரைகள் ஏன் வருகின்றன? கடைசியில் களிமண்ணில் பொம்மை.

ஒரே அறையில் ஒருத்தி கதை படிக்கிறாள். பக்கத்தில் இருப்பவன் எழுத்துக் கூட்டுகிறான். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அதற்குள் எழுத்தையே மறந்துவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்காக 2022 ஜூன் 13 அன்று 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கிற்று. எங்கே? நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்! அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலை. பின்தங்கியவனை 'மக்கு' என்று மூலையில் உட்கார வைக்கும் வழக்கத்துக்கு அதில் இடமில்லை. அவன் நிற்கும் படியிலிருந்தே பாடம் தொடங்குகிறது.

"இதில் என்ன அதிசயம்? பள்ளி என்றால் பாடம் நடக்காதா?" என்பாய். கேள், தோழா!

1953இல் இதே மண்ணில் ஒரு திட்டம் வந்தது. முதலமைச்சர் ராஜாஜி கொணர்ந்தார். கிராமத்துப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரப் பள்ளி போதும். மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார்கள். சிரைப்பவன் மகன் கத்தி பிடிக்க வேண்டும். வெளுப்பவன் மகன் துறைக்குப் போக வேண்டும்! குலக்கல்வி என்று பெரியார் முழங்கினார். கழகம் களம் கண்டது. தோழர்கள் சிறை புகுந்தனர். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் குழிக்குள் போயிற்று.

பிற்பகலில் உன் மகள் பூநாரை படிக்கிறாளே, அந்தப் பிற்பகல் போராடிப் பெற்ற பிற்பகல்!

சோறும் அப்படியே. 1920இல் நீதிக்கட்சியின் தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் இட்ட பிடி, 1956இல் காமராசரின் மதிய உணவாயிற்று, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவாயிற்று, 1989இல் கலைஞரின் முட்டை அதில் சேர்ந்தது, 2022இல் காலை உணவாயிற்று. அரசு உதவி பெறும் ஊரகப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது 2024 ஜூலை 15இல், நம் மாவட்டத்துக் கீழச்சேரியில்.

இத்தனைக்கும் பிறகு டில்லி என்ன செய்தது? பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று, 2024-25ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. சண்டை அரசோடு, அடி அ, ஆ படிக்கும் பிள்ளைக்கு! 2025இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று.

டில்லியை மட்டும் ஏசிவிட்டுப் படுத்துறங்கலாமா? வகுப்பறையை இன்னொரு முறை பார். யார் வரவில்லை? ஒடிசாவிலிருந்து வந்து நம் மாவட்டத்துச் சூளைகளில் செங்கல் அறுக்கிறானே, அவன் மகள் எங்கே? இருளர் குடிசையின் சிறுவன் எங்கே? அப்பன் செங்கல் அறுக்க, மகன் செங்கல் அடுக்கினால், அதற்கு என்ன பெயர்? சட்டம் போடாமலே நடக்கும் குலக்கல்வி அல்லவா அது!

பிறப்புச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். அங்கே போய் உட்கார், கேள்வி கேள்! உன் கிளைக் கூட்டத்தில் வட்டச் செயலாளர் பேச்சு முடிந்ததும், "நம் ஊரில் பள்ளிக்கு வராத பிள்ளைகள் எத்தனை?" என்று எழுந்து கேள். கணக்கெடு. கைபிடித்து அழைத்து வா.

உனக்கு முழு நாளைப் பெற்றுத் தந்தவர்கள் ஊர் பார்த்து, சாதி பார்த்து, மொழி பார்த்துப் போராடவில்லை, தோழா. நீயும் பார்க்காதே!