கப்பல் காத்திருக்காது!

கடல் பயணம் போகும் கோவைக் குடும்பங்கள் ஒரு நாள் முன்னதாகவே சென்னை போய்விட வேண்டும். சொந்தக் கார் தேவை இல்லை. ரெயில் போதும்!

கொங்கு நாட்டில் பவானி உண்டு. நொய்யல் உண்டு. அமராவதி உண்டு. கடல் மட்டும் இல்லை. அலையைப் பார்க்க வேண்டுமானால் ரெயில் ஏறத்தான் வேண்டும்.

பார்ப்பதற்கே இப்படி என்றால், அந்தக் கடலில் கப்பல் ஏறிப் போவது எவ்வளவு பெரிய காரியம்! பல குடும்பங்கள் இதற்காக வருடக் கணக்கில் பணம் சேர்க்கின்றன. பஞ்சாலை வேலையில், பனியன் கம்பெனிச் சம்பளத்தில், மஞ்சள் விற்ற காசில் மிச்சம் பிடித்த பணம் அது.

2022-ம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் இருந்து “எம்பிரஸ்” என்ற உல்லாசக் கப்பல் புறப்பட்டது. முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடி அசைத்து அனுப்பினார். மறு ஆண்டு ஜூன் மாதம் அதே கப்பல் இலங்கைக்கும் போனது. அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களைத் தொட்டுத் திரும்பியது.

அது முதல் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து வீடுகளிலும் கப்பல் பேச்சு வந்துவிட்டது. கூடவே ஒரு சந்தேகமும் வந்துவிட்டது.

“ஏனுங்க, கப்பல் சாயங்காலம்தானுங்களே? அன்னிக்கு விடியால போய் எறங்குனாப் பத்தாதுங்களா? எதுக்கு ஒரு நாள் லாட்ஜ் வாடகை?” என்று வீட்டு அம்மா கேட்பார்.

நியாயமான கேள்வி. ஆனால், பத்தாது என்பதுதான் பதில்!

ஏன் பத்தாது?

பஸ் ஐந்து நிமிஷம் நிற்கும். கப்பல் நிற்காது.

துறைமுகத்தில் இருந்து கப்பலை வெளியே கொண்டு போக, துறைமுகத்தைச் சேர்ந்த “பைலட்” ஒருவர் ஏறி வழிகாட்டுவார். இழுவைப் படகுகள் துணைக்கு வரும். இவற்றுக்கு எல்லாம் நேரம் குறித்து வைத்திருப்பார்கள். கப்பல் நின்ற இடத்துக்கு அடுத்த கப்பல் வர வேண்டியிருக்கும். போய்ச் சேரும் ஊரிலும் இத்தனை மணிக்கு என்று இடம் ஒதுக்கி இருப்பார்கள். ஒரு குடும்பத்துக்காக ஆயிரம் பேர் காத்திருக்க முடியுமா?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கப்பல் புறப்படும் நேரம் வேறு. ஏறும் நேரம் வேறு. சாமான்களைச் சோதிக்க வேண்டும். அடையாளச் சீட்டைப் பார்க்க வேண்டும். வெளிநாடு போகும் கப்பல் என்றால் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த வேண்டும். ஆகவே, கப்பல் புறப்படுவதற்கு வெகு நேரம் முன்பே கதவை மூடிவிடுவார்கள். கதவு மூடும் நேரம் டிக்கெட்டில் இருக்கும். அந்த நேரத்தை வீட்டுக் காலண்டரில் பெரிதாக எழுதி வைப்பது நல்லது.

தவற விட்டால், பொதுவாகப் பணம் திரும்பக் கிடைக்காது!

நடந்த கதை

கோவையில் இருந்து சென்னை சுமார் 500 கிலோ மீட்டர். வழியில் என்ன நேரும் என்று யார் சொல்ல முடியும்?

2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் “மிக்ஜாம்” புயல் வந்தது. சென்னை வெள்ளக்காடானது. ரெயில் பாதையில் தண்ணீர் நின்றது. சென்டிரலுக்கு வர வேண்டிய பல ரெயில்கள் ரத்தாயின. 2015-ம் ஆண்டு டிசம்பரிலும் பெருவெள்ளத்தால் இதே கதிதான்.

புயல் வந்தால்தான் தாமதம் என்பது இல்லை. சாதாரண நாளிலும் ரெயில் இரண்டு மணி நேரம் பிந்தி வருவது உண்டு. ஒரு நாள் முன்னதாகப் போகிறவருக்கு அந்த இரண்டு மணி நேரம் ஒரு பொருட்டே அல்ல. அதே நாளில் போகிறவருக்கோ நெஞ்சு படபடக்கும்!

லாட்ஜ் வாடகையை வீண் செலவு என்று நினைக்க வேண்டாம். அத்தனை பெரிய டிக்கெட் பணத்துக்கு அது ஒரு காப்பு.

அந்தக் காலத்தில்...

கப்பலுக்கு முன்னதாகச் சென்னை போய்ச் சேருவது புதிய பழக்கம் அல்ல.

“ரஜூலா” என்ற பெயரைப் பெரியவர்கள் கேட்டிருப்பார்கள். 1926-ம் ஆண்டு கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று சுமார் ஐம்பது ஆண்டுகள் ஓடியது. பாயும் தலையணையும் கட்டிக்கொண்டு மேல்தட்டில் படுத்தபடியே கடல் கடந்தவர்கள் ஆயிரம் ஆயிரம் பேர். ரஜூலா 1973-ம் ஆண்டு ஓய்வு பெற்றது. அடுத்து “சிதம்பரம்” என்ற கப்பல் ஓடியது. 1985-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் நடுக்கடலில் அது தீப்பிடித்தது. பலர் உயிர் இழந்தனர். அத்துடன் அந்தக் கப்பலின் ஓட்டமும் முடிந்தது.

அதற்கும் முன்னால் சென்னையில் துறைமுகமே கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும். “மசூலா” படகில் ஏறி, அலையைத் தாண்டிப் போய்க் கப்பலைப் பிடிக்க வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை மோதினாலும் வளைந்து கொடுக்கும். பிறகு துறைமுகம் கட்டினார்கள். வேலை முடியும் தறுவாயில், 1881-ம் ஆண்டு, புயல் வந்து அதையும் இடித்துத் தள்ளியது. மறுபடியும் கட்டினார்கள்.

இன்று படிக்கட்டில் ஏறுவது போலக் கப்பலில் ஏறலாம். நேரத்துக்குப் போய்ச் சேருவது மட்டும் நம் பொறுப்பு!

எந்த ரெயில்?

இரவு ரெயில்தான் குடும்பத்துக்கு வசதி. மேட்டுப்பாளையத்தில் இருந்து கோவை வழியாக நீலகிரி எக்ஸ்பிரஸ் போகிறது. கோவையில் இருந்து சேரன் எக்ஸ்பிரஸ் போகிறது. ஈரோட்டுக்காரர்களுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் உண்டு. இரவு ஏறிப் படுத்தால், விடிந்ததும் சென்னை.

பகலில் போக விரும்புகிறவர்களுக்குக் கோவை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. 2023-ம் ஆண்டு ஏப்ரல் முதல் வந்தே பாரத் ரெயிலும் ஓடுகிறது. சுமார் ஆறு மணி நேரத்தில் சென்னை போய்விடும்.

முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடும். கப்பல் டிக்கெட் எடுத்த கையோடு நாளை எண்ணி, ரெயில் டிக்கெட்டையும் எடுத்துவிட வேண்டும்.

சொந்தக் காரில் போகலாமே என்று சிலர் நினைப்பார்கள். 500 கிலோ மீட்டர் ஓட்டிய களைப்பு ஒரு பக்கம். கப்பலில் போய்த் திரும்பும் வரை காரை எங்கே நிறுத்துவது என்ற கவலை ஒரு பக்கம். இரண்டும் எதற்கு?

எங்கே தங்குவது?

ரெயில் நிலையத்தையும் கடற்கரையையும் ஒட்டித் தங்குவதே புத்திசாலித்தனம். பெரியமேடு, எழும்பூர், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் ஆகிய இடங்கள் தோதானவை. புறநகரில் வாடகை குறைவு என்று போனால், மிச்சம் பிடித்தது ஆட்டோவுக்குப் போய்விடும்.

அறை பிடிக்கும்போது ஒரு கேள்வி கேட்க வேண்டும். “24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா?” என்பதே அது. இரவு ரெயிலில் போகிறவர்கள் விடியற்காலையில் இறங்குவார்கள். பகல் 12 மணிக் கணக்கு உள்ள ஓட்டலில் அந்த நேரத்தில் அறை கிடைக்காமல் போகலாம். அல்லது ஒரு நாள் வாடகை கூடுதலாகக் கேட்கலாம். 24 மணி நேரக் கணக்கு என்றால், இறங்கியதும் குளித்துவிட்டு இளைப்பாறலாம்.

வயதான அப்பாரும் ஆத்தாளும் வருவதாக இருந்தால், லிப்ட் உண்டா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கார் இல்லாமல் ஊர் சுற்றலாம்

சென்டிரலுக்கு எதிரே பூங்கா நகர் நிலையம் இருக்கிறது. அங்கே பறக்கும் ரெயில் ஏறலாம். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் என்று நிலையங்கள் வரிசையாக வரும். இவற்றில் எதில் இறங்கினாலும் மெரினா கடற்கரை தொலைவில் இல்லை. இன்னும் கொஞ்சம் போனால் திருமயிலை. அங்கே இறங்கினால் கபாலீசுவரர் கோவிலுக்கு நடந்தே போகலாம். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி பெருமாள் கோவில் இருக்கிறது. நடுப்பகலில் நடை சாத்தி இருக்கும். காலையில் அல்லது மாலையில் போக வேண்டும்.

மெரினாவில் உள்ள கலங்கரை விளக்கத்தில் லிப்ட் உண்டு. மேலே இருந்து கடலையும் ஊரையும் பார்க்கலாம். பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். திங்கட்கிழமை விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு சென்டிரலில் இருந்து மெட்ரோ ரெயிலில் ஒரே நிலையம்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை.

மாநகர சாதாரண கட்டண பஸ்களில் பெண்கள் கட்டணம் இல்லாமல் பயணம் செய்யும் திட்டம் 2021-ம் ஆண்டு வந்தது. எந்த பஸ் என்று கண்டக்டரிடம் கேட்டு ஏறலாம்.

வெயில் நேரத்தில் மணலில் நடக்க வேண்டாம். மாலையில் கடல் காற்று வீசும். மெரினாவுக்கு அதுவே ஏற்ற நேரம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை! மெரினாவில் குளிக்கக் கூடாது. பவானி ஆற்றில் நீந்தியவன் என்ற தைரியம் இங்கே உதவாது. கரையில் மோதிய தண்ணீர் திரும்பிப் போகும்போது ஆளையும் உள்ளே இழுத்துக் கொண்டு போகும். பல இளைஞர்கள் இங்கே உயிர் இழந்திருக்கிறார்கள். காலை நனைத்தால் போதும். சிறு பிள்ளைகளின் கையை விடக் கூடாது.

கப்பல் ஏறும் நாள்

அன்று ஊர் சுற்ற வேண்டாம். காலையில் இட்லி சாப்பிட்டு, பெட்டிகளைக் கட்டி, நிதானமாகப் புறப்பட வேண்டும்.

துறைமுகம் ராஜாஜி சாலையில் இருக்கிறது. பக்கத்திலேயே கடற்கரை ரெயில் நிலையம். உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையமும் அருகில்தான். கைப்பையோடு போகிறவர்களுக்கு ரெயில் போதும். பெரிய பெட்டிகளும் வயதானவர்களும் இருந்தால், அன்று ஒரு நாள் மட்டும் ஆட்டோ அல்லது வாடகைக் கார் பிடிக்கலாம். இதில் சிக்கனம் வேண்டாம்.

துறைமுகத்துக்குப் பல வாசல்கள் உண்டு. நினைத்த வாசலில் நுழைய முடியாது. எந்த வாசல், வண்டி எதுவரை போகும் என்பதை முதல் நாளே கப்பல் கம்பெனியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கும் அந்த ஒரு நாள் உதவுகிறது!

பெரிய பெட்டிகளைக் கரையிலேயே வாங்கிக்கொண்டு, பிறகு அறைக்கு அனுப்புவார்கள். வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம். ஆகவே மருந்து, கண்ணாடி, அடையாளச் சீட்டு, பணம், ஒரு மாற்றுத் துணி ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும்.

ஒப்புட்டும் கட்டுச்சோறும் ரெயிலோடு சரி. சமைத்த சாப்பாட்டைப் பொதுவாகக் கப்பலுக்குள் விடுவதில்லை. கத்தி, இஸ்திரிப் பெட்டி, சூடம், தீப்பெட்டி ஆகியவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட வேண்டும்.

உள்நாட்டுப் பயணத்துக்கு அசல் அடையாளச் சீட்டு வேண்டும். நகல் போதாது. இலங்கை போகும் கப்பலுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். அது இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடி ஆகுமா என்று பார்க்க வேண்டும். விசா விதிகள் மாறக் கூடியவை. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். குழந்தைகளின் சான்றிதழ்களையும் மறக்கக் கூடாது.

எந்த மாதம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அப்போது மும்பை, கொச்சி பக்கத்துக் கடல் கொந்தளிக்கும். சென்னைப் பக்கம் அவ்வளவு இருக்காது. ஆகவேதான் அந்த மாதங்களில் உல்லாசக் கப்பல் கிழக்கே வந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைக்குப் புயல் காலம். எந்தக் கப்பல் எப்போது வரும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். விசாரித்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

அந்தமான் போகும் கப்பலுக்கும் இதே கணக்குத்தான். சென்னையில் இருந்து சுமார் 60 மணி நேரப் பயணம் அது. புறப்படும் தேதி மாறுவதும் உண்டு. அதற்குப் போகிறவர்கள் இரண்டு நாள் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

திரும்பி வரும் நாளிலும் அவசரம் கூடாது. கப்பல் காலையில் வந்தாலும், சோதனை முடிந்து வெளியே வர நேரம் ஆகும். காலை ரெயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டுத் தவிக்க வேண்டாம். இரவு ரெயிலே நல்லது.

கப்பலைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவருக்குக் கடலின் அழகு கண்ணில் படாது. முதல் நாளே போனவர், மாலையில் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டே, நாளை ஏறப் போகும் கடலைப் பார்க்கலாம். சேர்த்த பணமும் பத்திரம். மனசும் நிம்மதி!