அடுத்த வீட்டு மொழியில் வரும் அச்சம்

ஒரு முறை கேட்டு நடுங்கிய கதையை மறு முறை கேட்கும்போதும் நடுங்க இயலுமா? நகைச்சுவைக் கதைக்குப் பல முறை சிரிக்கலாம். சோகக் கதைக்குப் பல முறை கண்ணீர் விடலாம். அச்சம் அத்தகையதன்று. கதவுக்குப் பின்னால் நிற்பவர் யாரென்று தெரிந்துவிட்டால் அதில் பாதி அகன்றுவிடுகிறது. ஆகவே, திகில் கதை ஒன்றை மீண்டும் புதிதாகப் படைக்க முற்படுவோர் கடினமான பணியையே மேற்கொள்கின்றனர். அவர்களுடைய படைப்பைப் பற்றி விமர்சகர் கூறும் அபிப்பிராயங்களும் அதனாலேயே சற்றுக் கூர்மையாக அமைகின்றன.

இத்தகைய அபிப்பிராயம் கூறுவதற்குப் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலைப் பகுதிகளிலும் வாழும் தமிழ் மக்களுக்கு ஒரு தனித் தகுதி உண்டென்று நாம் கருதுகிறோம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இப்பகுதிகள் கேரளத்தில் சேர்ந்தன. அங்குள்ள தமிழருள் சிலர் தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணிலேயே இருந்தவர்கள். சிலர் தேயிலைத் தோட்டங்களுக்காக மலையேறியவர்களின் வழியினர். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வாழ்பவர்களாதலின், ஒரே கதை இரு மொழியிலும் படமாக வரும்போது இரண்டையும் உரைபெயர்ப்பின்றி நேராகக் கேட்க வல்லவர்கள் அவர்கள்.

1993ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘மணிச்சித்ரத்தாழ்’ என்னும் மலையாளப் படத்தை எடுத்துக்கொள்வோம். மது முட்டம் எழுத, பாசில் இயக்கிய படம் அது. மோகன்லால், சுரேஷ் கோபி, சோபனா ஆகியோர் நடித்தனர். பழைய மாளிகை ஒன்றில் குடியேறும் இளந்தம்பதியர். பூட்டிக் கிடக்கும் ஓர் அறை. அந்த அறையில் முன்னொரு காலத்தில் மாண்டுபோன நாகவல்லி என்ற நாட்டியப் பெண். அவள் ஆவி உலவுவதாக வீட்டார் கொண்ட அச்சம். இறுதியில் ஆவி என்று எதுவுமில்லை. மனையாளாகிய கங்கையே மனநோயின் வசப்பட்டுத் தன்னை நாகவல்லியாகப் பாவித்துக்கொள்கிறாள் என்பதை மனநோய் மருத்துவர் கண்டறிகிறார். சோபனாவுக்கு அந்த ஆண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. மாளிகைத் தலைவனால் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவள். காதலனைப் பிரிக்கப்பட்டு, அந்த வீட்டிலேயே கொல்லப்பட்டவள். அவள் கங்கைக்குள் குடியேறும் கணத்தில் கங்கையின் வாயிலிருந்து மலையாளம் மறைந்து தமிழ் பிறக்கிறது. மலையாள ரசிகர்களின் உடல் சிலிர்ப்பது அந்த இடத்திலேதான். கோரமான ஒப்பனைக்கோ இடி மின்னலுக்கோ அங்கு வேலை இல்லை. மொழி மாறுகிறது, அவ்வளவே.

எல்லைத் தமிழருக்கோ நிலைமை வேறு. திரையில் பிறர் அஞ்சுகின்ற மொழி இவர்கள் குழந்தையைத் தாலாட்டும் மொழி. கொட்டகையில் உள்ள மற்றவர்கள் பேயைக் காணும் நேரத்தில், இவர்கள் தம் ஊர்ப் பக்கத்திலிருந்து பிழைக்கவோ, பிறர் வற்புறுத்தவோ வந்து அகப்பட்டுக்கொண்ட ஒரு பெண்ணைக் காண்கிறார்கள். அவள் சினத்தின் காரணம் இவர்களுக்குச் சொல் சொல்லாக விளங்குகிறது. அச்சம் சற்றுக் குறைந்து அந்த இடத்தில் இரக்கம் புகுந்துவிடுகிறது.

பாதி விளங்கும் தமிழைக் கேட்டு மெய்சிலிர்ப்பது பாலக்காட்டு மண்ணுக்குப் புதிதன்று. அம்மாவட்டத்துப் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடைபெறுவதை நேயர்களில் பலர் கண்டிருக்கக்கூடும். கோயிலுக்கு வெளியே கூத்துமாடம், வெண்திரை, திரைக்குப் பின்னால் வரிசையாக இருபத்தொரு விளக்குகள், தோலில் வெட்டிய பாவைகளின் நிழல். பாடப்படுவன கம்பராமாயணத்துச் செய்யுட்கள். விளக்கவுரை தமிழும் மலையாளமும் கலந்து வரும். கூத்து நடத்துவோரைப் புலவர் என்றே அழைப்பர். தாரிகனோடு போர் புரிந்துகொண்டிருந்ததால் இராம இராவண யுத்தத்தைக் காணத் தவறிய பத்ரகாளிக்காக இது ஆடப்படுகிறது என்பது ஐதிகம். மனிதர் எவரும் எதிரில் அமராத இரவுகளிலும் கூத்து நிற்பதில்லை. பார்ப்பவள் தேவி அல்லவா! நள்ளிரவில், எண்ணெய் விளக்கொளியில், தேவிக்கென்று ஒலிக்கும் தமிழ் அந்நாட்டாரின் செவியில் ஒருவகை அச்சத்தோடும் பக்தியோடும் பதிந்திருந்தால் அதில் வியப்பில்லை. மது முட்டம் இதை எண்ணித்தான் எழுதினார் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர் கதை வேரூன்றுவதற்கான மண் ஏற்கனவே பண்பட்டிருந்தது என்பது மட்டுமே நம் கருத்து.

இனி மறுபடைப்புகளைக் காண்போம். 2004இல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ என்று இக்கதை வந்தது. இயக்கியவர் பி. வாசு. அவரே 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் தமிழில் ‘சந்திரமுகி’யை அளித்தார். 2007இல் பிரியதர்சன் இந்தியில் ‘பூல் புலையா’ என்று எடுத்தார். கன்னடத்து நாகவல்லி தெலுங்கு பேசினாள். தமிழ்ச் சந்திரமுகியும் ஆந்திர நாட்டவளாகித் தெலுங்கிலே பாடினாள். இந்திப் படத்து மஞ்சுளிகையோ வங்காளத்துப் பெண்! மலையாளிக்குத் தமிழ், தமிழனுக்குத் தெலுங்கு, இந்திக்காரருக்கு வங்காளம். முற்றும் அறியாத மொழி அச்சுறுத்தாது. அது வெறும் ஓசை. முற்றும் அறிந்த மொழியும் அச்சுறுத்தாது. சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டில் பேசும் மொழி, அரைகுறையாகக் காதில் விழும் மொழி, அதுவே ஏற்றது. வாசுவும் பிரியதர்சனும் இதை நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்காக அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

‘சந்திரமுகி’யைப் பொதுமக்கள் கொண்டாடினர். சென்னை சாந்தி திரையரங்கில் அது 800 நாட்களுக்கு மேல் ஓடியது. விமர்சகர்களிடம் வேறு வகைக் குறைகள் எழுந்தன. மூலத்தில் மோகன்லால் கதை வெகுதூரம் சென்ற பின்னரே தோன்றுகிறார். தமிழில் ரஜினிகாந்த் தொடக்கத்திலேயே சண்டையோடும் பாட்டோடும் வந்துவிடுகிறார். கொடிய அரசனின் வேடத்தையும் அவரே ஏற்றார். கன்னடத்தில் விஷ்ணுவர்த்தன் செய்ததும் அதுவே. கதைக்குத் தேவையற்ற பெரும் பாம்பு ஒன்று அவ்வப்போது ஊர்ந்து செல்கிறது. அது எதற்கு வந்தது, எங்கே போயிற்று என்பதைப் படம் முடிந்த பிறகும் எவரும் சொல்வதில்லை.

இக்குறைகள் நியாயமானவையே. ஆயினும் பாம்பை மன்னித்துவிடலாம். காப்பாற்றுபவன் முன்கூட்டியே வந்து நிற்பதை மன்னிப்பது அரிது. இருட்டில் தனியே நடக்கும்போதுதான் அச்சம். பக்கத்தில் வெல்ல முடியாத வீரன் ஒருவன் கைகோத்து வந்தால் எந்த அறைக் கதவையும் துணிந்து திறக்கலாமே! சோதிகாவின் நடிப்பு கடைசிக் காட்சிகளில் அச்சத்தை மீட்டுத் தந்ததை எல்லோரும் ஒப்புக்கொண்டனர். 2023இல் வந்த இரண்டாம் பாகத்துக்கு அந்த நல்வாய்ப்பும் கிட்டவில்லை.

இந்த வழக்கு திரைப்படத்தோடு நிற்பதன்று. நம் வீட்டுப் பிள்ளைகள் ஈடுபடும் காணொளி விளையாட்டுகளிலும் இதுவே நிகழ்கிறது. ஜப்பானியக் காப்காம் நிறுவனத்தின் ‘ரெசிடென்ட் ஈவில்’ என்னும் திகில் விளையாட்டின் இரண்டாம் பகுதி 1998இல் வந்தது. 2019இல் அது முழுதும் புதிதாகப் படைக்கப்பட்டது. நடமாடும் பிணங்கள் நிறைந்த நகரில், குறைந்த தோட்டாக்களோடு உயிர் தப்ப வேண்டும் என்பது ஆட்டம். பழையதில் காட்சி அறையின் ஒரு மூலையிலிருந்து அசையாமல் காட்டப்படும். திருப்பத்துக்கு அப்பால் முனகல் கேட்கும், உருவம் தெரியாது. புதியதில் காட்சி வீரனின் தோளுக்குப் பின்னால் தொடர்ந்து வருகிறது. இதனால் அச்சம் கெடுமென்று எதிர்பார்த்தோர் உண்டு. படைத்தவர்களோ, துரத்திவரும் அரக்கனொருவனின் காலடி ஓசையைக் கட்டடம் முழுதும் ஒலிக்கச் செய்து, இழந்ததை வேறு வழியில் ஈடுசெய்தனர். விமர்சகர்கள் மிகவும் புகழ்ந்தனர். எனினும், பழையதில் ஒன்றோடொன்று இணைந்த இருவரின் கதைகள் புதியதில் ஒரே கதையின் இரு பிரதிகளாகிவிட்டன என்ற குறையையும் தயங்காது குறித்தனர். அடுத்த ஆண்டு வந்த மூன்றாம் பகுதிக்கு அவ்வளவு வரவேற்பில்லை. கடிகாரக் கோபுரத்துக் கட்டம் போன்றவற்றை விட்டுவிட்டு ஆட்டத்தைக் குறுக்கிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. எடுத்துவிட்டதற்கு ஈடாக என்ன வைத்தாய் என்ற ஒரே கேள்விதான் எங்கும் கேட்கப்படுகிறது.

இடுக்கி நேயர்கள் இந்நேரம் ‘திருசியம்’ படத்தை நினைத்திருப்பார்கள். 2013இல் ஜீத்து ஜோசப் இயக்கிய அப்படத்தின் கதை இராஜாக்காட்டில் நடப்பது. அதில் பேயில்லை, போலீசார் வாசலுக்கு வந்துவிடுவார்களோ என்ற அச்சமே உண்டு. 2015இல் அவரே தமிழில் ‘பாபநாசம்’ எடுத்தபோது, கமல்ஹாசனைத் திருநெல்வேலித் தமிழ் பேச வைத்தார், உரையாடல் ஜெயமோகனுடையது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் அப்படம் நீளம் என்று சொன்னவரும் உண்டு. ஆனால் இங்கே மொழி அச்சுறுத்த வரவில்லை. அச்சுறுத்தப்படும் குடும்பத்தை நம் வீட்டார் ஆக்குவதற்காக வந்தது. மொழியின் வேலை நேர் எதிராகத் திரும்பியும் கதை நின்றது. மலைக்கு அந்தப் பக்கத்துக் கதை இந்தப் பக்கம் இறங்கும்போது இதைவிடப் பொருத்தமாக இறங்கியதை நாம் கண்டதில்லை.

மணிச்சித்ரத்தாழ் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தெளிவூட்டப்பட்ட புதிய பிரதியாக மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. எதையும் மாற்றாமல் பழையதையே துடைத்து வைப்பதும் ஒருவகை மறுபடைப்பே. அதைக் காண்போர், நாகவல்லியின் தமிழ்க் குரலைச் செவிமடுத்துக் கேட்க வேண்டும். அது சோபனாவின் குரலன்று. கங்கையின் மலையாளத்துக்குக் குரல் தந்தவருடையதும் அன்று. துர்கா என்னும் தமிழ்க் குரற்கலைஞர் பேசியது அது என்பதை 2016இல்தான் பாசில் வெளிப்படையாக எழுதினார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நாட்டையே நடுங்கச் செய்த குரலுக்குப் பெயரில்லாமல் இருந்தது.

படத்தின் சில பகுதிகள் திருப்பூணித்துறை மலை மாளிகையிலும், சில பகுதிகள் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையிலும் எடுக்கப்பட்டன. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் பத்மநாபபுரம் அரண்மனை கேரள அரசின் பராமரிப்பிலேயே இருந்துவருகிறது. விடுமுறைக்குத் தென்பாண்டிப் பக்கம் வரும் நேயர்கள் சென்று காணலாம். திங்கட்கிழமைகளில் திறப்பதில்லை.