சிரிப்புக்குச் சொல் வேண்டுமோ?

திரைப்படத்தைக் கண்ணாற் காண்பதற்கு முன்பே காதாற் கேட்டுப் பழகியவர்கள் நம்மவர்கள். புத்தளக் கரையோரத்திலே கனமூலை போன்ற ஊர்களில் வாழ்ந்த பெரியவர்களைக் கேட்டால் இதனை நன்கு விளக்குவார்கள். படக்கொட்டகை தொலைவில் இருந்தது. வானொலிப் பெட்டியோ வீட்டு விறாந்தையிலே இருந்தது. பாட்டும் வசனமும் இலங்கை வானொலியின் வழியே வந்தன. நகைச்சுவையும் அவ்வாறே வந்தது. எஸ். ராம்தாஸ் எழுதி நடித்த 'கோமாளிகளின் கும்மாளம்' முதலில் வானொலித் தொடர் நாடகமாக ஒலித்தது. கேட்டவர்களெல்லாம் சிரித்து முடித்த பின்னரே அது 1976ஆம் ஆண்டில் 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாயிற்று. ஆகவே, சிரிப்பு என்பது பேச்சிலே பிறப்பது என்று நாம் நம்பிவிட்டதில் வியப்பொன்றுமில்லை.

அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்த இயக்குநர் ஒருவர் உண்டு. அவர் பெயர் சிங்கீதம் சீனிவாசராவ். ஆந்திர நாட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியிலே கற்றவர், தெலுங்கு, தமிழ், கன்னடம் என்னும் மூன்று மொழிகளிலும் படம் எடுத்தவர். அவர் பிறந்த 1931ஆம் ஆண்டையும் சற்று நினைவிற் கொள்ளுங்கள். தமிழின் முதற் பேசும் படமாகிய 'காளிதாஸ்' வெளிவந்த ஆண்டு அது. பேச்சுப் படங்கள் உலகெங்கும் பரவிவிட்ட பின்னரும், தாம் பேசமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்து சார்லி சாப்ளின் 'சிட்டி லைட்ஸ்' படத்தை வெளியிட்டதும் அதே ஆண்டிலேதான்.

சீனிவாசராவ் தொழில் பயின்றது கே. வி. ரெட்டியிடம். 1957ஆம் ஆண்டில் வெளிவந்த 'மாயா பஜார்' படத்தில் அவர் உதவி இயக்குநர். அந்தப் படத்தை அறியாத நேயர் இரார். கடோத்கசன் வத்ஸலையின் வடிவெடுத்து மணமகளாக அமர்ந்திருக்கிறான். காண்பது சாவித்திரியின் மென்மையான முகம். உள்ளே இருப்பதோ அரக்கன். அடக்கமாக இருக்கவேண்டிய இடத்தில் அரக்கனின் முரட்டுத்தனம் சற்றே எட்டிப் பார்க்கும்போது கொட்டகை சிரிப்பால் அதிர்கின்றது. அங்கே வேடிக்கையான வசனம் யாரும் பேசத் தேவையில்லை. உருவம் ஒன்று, உள்ளம் ஒன்று என்ற முரண்பாடே போதும். இந்தப் பாடத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை என்பது என் கருத்து.

ஆயினும் அவர் தொடங்கியது நகைச்சுவையில் அன்று. 1972இல் 'நீதி நிஜாயிதி' என்ற தெலுங்குப் படம். 1974இல் ராஜாஜியின் கதையைக் கொண்டு 'திக்கற்ற பார்வதி'. குடியினால் ஓர் ஏழைக் குடும்பம் சிதைவதைச் சொல்லும் இப்படம், சிறந்த தமிழ்ப் படத்துக்கான இந்திய தேசிய விருதைப் பெற்றது. பின்னர் 1982இல் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கொண்டு 'ஹாலு ஜேனு' எடுத்தார். நோயுற்ற மனைவியின் சிகிச்சைக்காக ஒருவன் செய்யும் சூழ்ச்சிகள் நம்மைச் சிரிக்கவைக்கின்றன. அவன் ஏன் அவற்றைச் செய்கிறான் என்று நினைத்தாலோ சிரிப்பு தொண்டையிலே நின்றுவிடுகின்றது. துயரத்தின் பக்கத்திலே சிரிப்பை அமர்த்தும் கலை அவருக்குக் கைவந்துவிட்டது.

இதற்கு முந்திய ஆண்டு, 1981இல், கமலகாசனின் நூறாவது படமாகிய 'ராஜ பார்வை'யை அவர் இயக்கினார். அதன் நாயகன் பார்வையற்ற வயலின் கலைஞன். உலகத்தை ஒலியாலே அறிபவன். வானொலி நேயர்களாகிய நமக்கு நெருங்கிய உறவினன் என்றே சொல்லலாம். படம் எதிர்பார்த்த வருவாயைத் தரவில்லை. ஒலியை மட்டுமே நம்பியவனைக் காட்டிய அதே இருவர், ஆறு ஆண்டுகளின் பின் பேச்சையே நீக்கிவிட்டு ஒரு படம் எடுத்தார்கள். 1987இல் கன்னடத்தில் 'புஷ்பக விமான' என்றும், தமிழில் 'பேசும் படம்' என்றும் அது வெளிவந்தது. ஒரு சொல்லும் பேசாத படத்துக்கு இந்தப் பெயர்! பேச்சில்லாமையால் மொழிமாற்றும் வேலையும் இல்லை. தலைப்பை மாத்திரம் மாற்றி எந்த நாட்டிலும் ஓட்டலாம் அல்லவா?

கதை எளியது. வேலையற்ற இளைஞன் ஒருவன், குடிமயக்கத்தில் தெருவிலே கிடக்கும் செல்வந்தரைக் கண்டெடுக்கிறான். அவரைத் தன் அறையிலே அடைத்துவைத்துவிட்டு, அவருடைய ஆடம்பர ஓட்டல் அறையிலே தான் குடியேறுகிறான். வாடகைக் கொலைஞன் ஒருவன், ஓட்டல் அறையில் இருப்பவனே அந்தச் செல்வந்தன் என்றெண்ணி, பனிக்கட்டியாற் செய்த கத்தியோடு பின்தொடர்கிறான். கொலை முடிந்தால் கருவி கரைந்துவிடும். ஆனால் குறி தவறினாலும் அது கரைந்துவிடுமே! வேடிக்கை அங்கேதான் பிறக்கின்றது.

பேச்சு இல்லை என்பதால் ஓசை இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. எல். வைத்தியநாதனின் இசை உண்டு. தெருவின் இரைச்சல் உண்டு. அந்த இளைஞனின் பழைய அறை திரையரங்கு ஒன்றின் பக்கத்திலே இருந்தது. இரவெல்லாம் படத்தின் கூச்சலைக் கேட்டுக்கொண்டே உறங்கிப் பழகியவன் அவன். ஓட்டலின் மெத்தையிலே, அந்த அமைதியிலே, அவனுக்கு உறக்கம் வரவில்லை. என்ன செய்கிறான்? பழைய இடத்துக்குப் போய் அந்தக் கூச்சலை ஒலிநாடாவிலே பதிவுசெய்துகொண்டு வந்து, அதை ஓடவிட்டுவிட்டு நிம்மதியாக உறங்குகிறான். நாம் சிரிக்கிறோம். சிரித்த பின்னர்தான், வறுமை ஒரு மனிதனின் உறக்கத்துக்குள்ளும் எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது என்று உணர்கிறோம். இதைச் சொல்ல எத்தனை பக்க வசனம் எழுதவேண்டியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

இதன் பிறகு அவரது நகைச்சுவை வேறு திசையிலே திரும்பியது. 1989இல் வந்த 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் கமலகாசன் குள்ளமான சர்க்கஸ் கலைஞன் அப்பு. கால்களை மடித்துக்கட்டியும், நிலத்திலே குழி வெட்டிக் கால்களை அதில் மறைத்தும் அந்த உருவத்தை உண்டாக்கினார்கள். ஊரார் சிரிப்பதற்கென்றே பிறந்தவன்போல் வாழும் ஒருவனுக்கு உள்ளே காதலும் அவமானமும் பழிவாங்கும் வெறியும் உண்டு. மாயா பஜாரின் வத்ஸலை திரும்பி வந்துவிட்டாள். இம்முறை புற உருவம் சிறியது, உள்ளே இருப்பது பெரியது.

மறு ஆண்டிலே 'மைக்கேல் மதன காமராஜன்'. நான்கு சகோதரர்கள், ஒரே முகம், கிரேசி மோகனின் வசன வெள்ளம். இப்படத்தின் வசனத்தை ஒலிநாடாவிலே மட்டும் கேட்டு மனப்பாடமாக்கிவைத்திருப்போர் பலர். ஆனால் கேட்டவர்களுக்குக் கிடைத்தது பாதிதான். யார் எந்தக் கதவின் வழியே போகிறார், எவர் எவராகக் கருதப்படுகிறார், மலைமுகட்டிலே வீடு எந்தப் பக்கம் சாய்கிறது என்ற கணக்கையெல்லாம் வகுத்தது இயக்குநரின் கை. வசனத்தை அகற்றிவிட்டாலும் அந்த வீடு சாயத்தான் செய்யும்.

1994இல் 'மகளிர் மட்டும்' வெளிவந்தது. அலுவலகத்திலே மேலாளரின் தொல்லைக்கு ஆளான மூன்று பெண்கள் அவருக்குப் பாடம் புகட்டும் கதை; 1980இல் வந்த 'நைன் டு ஃபைவ்' என்ற அமெரிக்கப் படத்தின் சாயல் அதிலே உண்டு. தமிழ்நாட்டின் வேகமான நாவுக்குச் சொந்தக்காரரான நாகேஷ் இப்படத்திலே பிணமாக நடித்தார். பேசாமல், கண் இமைக்காமல், தலை சாய்ந்து, கை தொங்கிக் கிடந்த அவரைக் கண்டு மக்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர். 1998இல் வந்த 'காதலா காதலா'வில் சொற்கள் பெருகின. கட்டுக்கோப்பு அந்த அளவுக்கு இறுகவில்லை என்றே எனக்குத் தோன்றுகின்றது.

எழுபது வயதைத் தாண்டிய பின்னர் அவர் நடிகர்களையும் விட்டுவிட்டு, வரைபடங்களை அசையவைக்கும் கலையிலே இறங்கினார். 2008இல் அவ்வாறு அவர் எடுத்த படத்தின் பெயர் 'கடோத்கசன்'. உதவி இயக்குநராக இருந்த நாளிலே எஸ். வி. ரங்காராவின் உருவத்தில் அவர் கண்ட அதே அரக்கன், இப்பொழுது கோடுகளாலும் வண்ணங்களாலும் ஆன சிறு குழந்தையாகத் தவழ்ந்து வந்தான்.