விமானத்தில் டாக்டர் யாராவது இருக்கிறீர்களா?

பெங்களூரு பொம்மசந்திராவில், டாக்டர் தேவி ஷெட்டி 2000-ல் தொடங்கிய நாராயணா மருத்துவமனையைச் சுற்றி நடந்தால் வங்காள எழுத்துப் பலகைகளைப் பார்க்கலாம். இதய சிகிச்சைக்காக வங்காளிகள் அவ்வளவு தொலைவிலிருந்து விமானமேறி வருகிறார்கள்; தேறியதும் விமானத்திலேயே திரும்புகிறார்கள். நடுவானில் ஒருவருக்கு நெஞ்சை அடைத்தால்? திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள், அசந்துபோவீர்கள்!

முதலில் காற்று. விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே இருக்கும் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமம். அதாவது, கிட்டத்தட்ட ஊட்டியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்! நல்ல உடம்பு தாங்கிக்கொள்ளும். நோயுற்ற இதயம் திணறலாம்.

யாராவது சரிந்தால், ஒரு ஏர்ஹோஸ்டஸ் அவரை விட்டு நகரமாட்டார். இன்னொருவர் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு ஓடி வருவார். மூன்றாமவர் இன்டர்காமில் கேப்டனிடம் பேசுவார். அடுத்து அந்த அறிவிப்பு. டாக்டர் ஒருவர் எழுந்து வந்தால், சீல் வைத்த மருத்துவப் பெட்டி அவர் கைக்குப் போகும். அதில் ஸ்டெதஸ்கோப் உண்டு. ஆனால் இன்ஜின் இரைச்சலில் அதில் எதுவும் சரியாகக் கேட்காது! ரத்த அழுத்தத்தைக்கூட, கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்து, மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைக் கொண்டுதான் கணிக்க வேண்டியிருக்கும்.

2022 ஜூலையில், டெல்லி–ஹைதராபாத் விமானத்தில் அந்த அறிவிப்பைக் கேட்டு எழுந்து வந்தவர் யார் தெரியுமா? அப்போது தெலங்கானா ஆளுநராக இருந்த நம்ம டாக்டர் தமிழிசை சௌந்தரராஜன்! இதயத் துடிப்பு 39-க்கு இறங்கியிருந்த ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவரை ஆசுவாசப்படுத்தி, மூச்சைச் சீராக்கினார். அந்த அதிகாரிக்கு வந்திருந்தது டெங்கு என்பது தரையிறங்கிய பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் யோசனை சொல்லலாம். விமானத்தைத் திருப்பும் முடிவு கேப்டனுடையது. அவர் ரேடியோவில் ‘பான்-பான்’ என்று மூன்று முறை சொன்னால் வானத்தில் முன்னுரிமை கிடைக்கும். நாம் அதிகம் ஏறும் ஏ320 ரகத்தில் எரிபொருளை வெளியேற்றும் வசதி கிடையாது. தேவைப்பட்டால் அத்தனை கனத்தோடும் இறக்கியாக வேண்டும். நல்லவேளை, விமானத்தைத் திருப்புவது அடிக்கடி நேர்வதில்லை. 11,920 அவசரங்களை அலசி 2013-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், சுமார் 7 சதவீத விமானங்களே திருப்பப்பட்டன. ஏறக்குறைய பாதி அவசரங்களில் கைகொடுத்தவர், பயணியாக வந்த ஒரு டாக்டர்!

பொம்மசந்திராவில் ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்புகிறவர்களே, டிக்கெட் போடும்போதே விமான நிறுவனத்திடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்கும் ‘மெடிஃப்’ என்ற மருத்துவத் தகவல் படிவத்தை உங்கள் டாக்டரிடம் நிரப்பி வாங்குங்கள். மாத்திரைகளும் டிஸ்சார்ஜ் சம்மரியும் செக்-இன் பெட்டியில் போகவே கூடாது, கைப்பையில் இருக்கட்டும்.