பேச்சை அளக்கும் முறை

எழுத்துப் பரீட்சையின் விடைத்தாள் மேசைமீது கிடக்கும். ஐயம் எழுந்தால் இன்னொருவர் அதனை எடுத்துத் திருத்திப் பார்க்கலாம். பேச்சோ வாயினின்று புறப்பட்ட கணமே மறைந்துவிடுகிறது. பரீட்சகரின் செவியில் எது தங்கிற்றோ அதுவே புள்ளியாகிறது. பிறநாட்டுப் பல்கலைக்கழக அனுமதியும், தாதியர் தொழிலுக்கான பதிவுங்கூட அப்புள்ளியைப் பொறுத்து அமையும்போது, அந்தச் செவியை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி எழுகிறது.

கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம் 1913ஆம் ஆண்டில் பிறமொழியாளருக்கென ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை ஒன்றைத் தொடங்கிற்று. உரையாடலும் அதில் ஒரு பகுதி. தோற்றியவர் மூவர், ஒருவரேனும் சித்தியடையவில்லை! பிற்காலத்தில் அப்பரீட்சைகளை நடத்தியவர்களுள் ஒருவரான ஜோன் றோச், வாய்மொழிப் பரீட்சையின் சிக்கல்களை ஆராய்ந்து 1945இல் அறிக்கை எழுதினார். ஒரே பேச்சுக்கு இரு பரீட்சகர் இருவேறு புள்ளி இடுவதை எவ்வாறு குறைக்கலாம்? இருவர் சேர்ந்திருந்து கேட்பதையும், மாதிரிப் பேச்சுகளை இசைத்தட்டிற் பதிந்து அளவுகோலாகக் கொள்வதையும் அவர் ஆராய்ந்தார்.

இன்று பலர் தோற்றும் ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையிலும் பேச்சு ஒலிப்பதிவு செய்யப்படுகிறது. 11 முதல் 14 நிமிடம் வரை நிகழும் உரையாடலில் சரளமும் தொடர்ச்சியும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்னும் நான்கும் சம நிறையோடு மதிப்பிடப்படும்.

இவற்றுள் சரளத்தைப் பற்றியே தவறான எண்ணம் மிகுதி. வேகம் வேறு, சரளம் வேறு. மனனஞ் செய்ததை மூச்சுவிடாமல் ஒப்புவிப்பவனிடம், 'ஏன் அவ்வாறு கருதுகிறீர்?' என்று இடையில் ஒரு கேள்வி கேட்டாற் போதும், சரக்குத் தீர்ந்துவிடும். உச்சரிப்பிலும் ஆங்கிலேயரைப்போற் பேசவேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் மின்விசிறிக்கான ஆங்கிலச் சொல் தமிழ் நாவில் வாணலிக்கான சொல்லாக மாறி, கேட்பவர் மயங்கினால் அது குறையே. மயக்கம் இன்றேல், தமிழோசை கலந்திருப்பது குற்றமாகாது.

வகுப்பறையில் ஆசிரியர் வேறொரு வழியையுங் கையாளலாம். ஒரு மாணவனிடம் எளிய படமொன்றைக் கொடுத்து, அதைக் காணாத தோழனுக்கு ஆங்கிலத்தில் விளக்கச் செய்க. தோழன் கேட்டபடி வரையட்டும். இரு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த இடத்திற் பேச்சு விளங்கவில்லை என்பது தாளிலேயே தெரியும். கேட்பவனின் திறமையும் அதிற் கலந்துவிடுமாதலால், சோடிகளை மாற்றி இரண்டு மூன்று முறை செய்விப்பது நன்று.